வயல்வரப்பும் இசைத்தட்டும்

மக்கள் பாடல் இசைத்தட்டில் ஏறும்போது அதன் ஆயுள் நீள்கிறது. அதனை ஆக்கியோர் பெயரோ பெரும்பாலும் மறைந்துபோகிறது. உலக இசை வரலாறும் உத்தமபாளையம் வட்டார இசை வரலாறும் ஒருங்கே உணர்த்தும் உண்மை இது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'புளூஸ்' பாடல்கள் பருத்திக்காட்டு உழைப்பிலும் துயரிலும் வேர்கொண்டவை. 1903ஆம் ஆண்டளவில் மிசிசிப்பி மாநிலத்து டட்வைலர் இரயில் நிலையத்தில், கிதார்க் கம்பிகளில் கத்தியை அழுத்தி இழைத்தவாறு ஒருவர் பாடக் கேட்டதை டபிள்யூ.சி. ஹேண்டி தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். 1914இல் ஹேண்டி வெளியிட்ட 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' பாடலை, லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட் இசைக்க, 1925இல் பெஸ்ஸி ஸ்மித் பாடிய பதிவு இன்றும் போற்றப்படுகிறது. அந்த இரயில் நிலையப் பாடகரின் பெயரோ எவருக்கும் தெரியாது.

கம்பம் பள்ளத்தாக்கின் நிலையும் இதனை ஒத்ததே. முல்லைப் பெரியாற்று நீர் பாயும் வயல்களில் நடவுப் பாட்டும் களையெடுப்புப் பாட்டும் ஒலித்தன. இழவு வீடுகளில் ஒப்பாரி எழுந்தது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் நாட்டுப்புற மெட்டுகளில் அரசியற் கருத்தைப் பொதிந்து பொதுவுடைமை இயக்க மேடைகளில் பாடினார். 1958இல் நடைபெற்ற தேவிகுளம் இடைத்தேர்தலில், தமிழ்த் தோட்டத் தொழிலாளரிடையே ரோசம்மா புன்னூஸுக்கு ஆதரவாக அவர் பாடிய பாடல்கள் வெற்றிக்குத் துணைநின்றன. பாடநூல் எட்டாத செவிகளை மெட்டு எட்டியது.

அண்ணனின் குழுவில் பயின்ற இளையராஜா 1968இல் சென்னை சென்றார். 1976இல் வெளிவந்த 'அன்னக்கிளி' படத்தில், நெற்குத்தும் பெண்களின் பாட்டாக அமைந்த 'சுத்தச் சம்பா' எஸ். ஜானகியின் குரலில் தமிழகமெங்கும் பரவியது. இசையமைத்தவர், எழுதிய பஞ்சு அருணாசலம், பாடியவர் ஆகிய மூவர் பெயரும் நிலைத்துள்ளன. அது நியாயமே. எனினும் அவ்விசைக்குச் செவிப்பயிற்சி அளித்த உழைக்கும் பெண்கள் பெயரற்றவர்களாகவே நிற்கின்றனர்.

நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பில், பாடல்களின் அடியில் சேகரித்தவர் பெயரும் இடமும் குறிக்கப்பட்டன. அது முன்மாதிரியான பணி. பாடியவர் பெயரையும் சேர்த்துக் குறிப்பதே அடுத்த படி. நடவு எந்திரம் வயலில் இறங்கிவிட்ட இந்நாளில், குலவையிட்டு நட்ட மூதாட்டியரின் பாடல்களை அவர்தம் பெயர், ஊர், பாடும் சூழல் ஆகியவற்றோடு பதிவுசெய்தல் வேண்டும். பாட்டு எஞ்சிப் பாடியவர் மறைவது காலத்தின் குற்றமன்று, கேட்டவர் குற்றமே.