பெயர்ப்பலகைக்குப் பொறுமை வேண்டும்



அண்மையில் ஆறாம் ஆண்டு மாணவர்களுடன் ஜார்ஜ்டவுனிலிருந்து பாயான் லெப்பாசுக்குப் பேருந்தில் சென்றேன். பெங்காலான் வெல்ட் சாலையைக் கடந்து கடலோர விரைவுச்சாலையில் ஏறியதும், பெயர்ப்பலகையைப் படித்த மாணவி ஒருத்தி, "ஐயா, துன் டாக்டர் லிம் சோங் இயூ யார்?" என்று வினவினாள். அடுத்தடுத்துள்ள இவ்விரு பெயர்களுக்குள்ளும் ஒரு வரலாற்றுப் பாடமே அடங்கியிருக்கிறது.

முதல் பெயருக்குரியவர் சர் பிரெடெரிக் வெல்ட். 1864-65இல் நியூசிலாந்தின் பிரதமர். 1880 முதல் 1887 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர். தென்னிந்தியத் தொழிலாளர்களை இங்கு வரவழைப்பதை ஊக்குவித்தவர். அவர் பதவியில் இருந்தபோதே, 1885இல் தைப்பிங்கிலிருந்து மலாயாவின் முதல் இரயில் பாதை சென்றடைந்த துறைமுகம் 'போர்ட் வெல்ட்' எனப் பெயர் பெற்றது. இன்று அவ்வூர் கோலா செபெத்தாங். 1901இல் திறக்கப்பட்ட 'போர்ட் சுவெட்டன்ஹாம்' துறைமுகமும் அப்போது பதவியில் இருந்த சர் பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரையே தாங்கியது. அவர் 1946 வரை வாழ்ந்தார். 1972இல் அத்துறைமுகம் போர்ட் கிள்ளான் ஆயிற்று. அதிகாரம் சூட்டிய பெயரைக் காலம் அகற்றிவிட்டது.

இரண்டாமவரின் கதை வேறு. துன் லிம் சோங் இயூ 1969 முதல் 1990 வரை பினாங்கின் முதலமைச்சர். பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வலயமும், 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலமும் அவர் காலத்தில் எழுந்தவை. 1990 பொதுத்தேர்தலில் பாடாங் கோத்தா தொகுதியில் ஜனநாயகச் செயல் கட்சியின் லிம் கிட் சியாங்கிடம் தோல்வியுற்று, அரசியலிலிருந்து விலகினார். இருபது ஆண்டுகள் கழித்து, 2010 நவம்பர் 24ஆம் நாள் மறைந்தார். அதன் பின்னரே ஜெலுத்தோங் விரைவுச்சாலை அவர் பெயரைப் பெற்றது. பெயர் சூட்டிய மாநில அரசுக்குத் தலைமையேற்றிருந்தவர் யார் தெரியுமா? அவரைத் தோற்கடித்தவரின் மகனான லிம் குவான் எங்!

"வாழும்போதே போற்றாமல், மறைந்தபின் பெயர் வைத்து என்ன பயன்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வாழும் பெரியோருக்கு மாலை அணிவிப்போம், விருது கொடுப்போம். ஆனால் சாலை என்பது ஊரின் பொதுச் சொத்து. பதவியில் இருந்தவரின் ஆதரவாளர்கள் சூட்டும் பெயரில் நன்றி எவ்வளவு, முகத்துதி எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். அரசியல் எதிரணியினரும் ஒப்புக்கொண்டு சூட்டும் பெயரில் அந்த ஐயம் எழுவதில்லை. அதற்குக் காலம் தேவைப்படுகிறது.

ஆயினும், காலம் கடந்து நிற்பதால் மட்டும் ஒரு பெயர் பொருள் பெற்றுவிடாது. பெங்காலான் வெல்ட் இன்றும் அதே பெயரில்தான் இருக்கிறது. என் மாணவர்களுள் ஒருவருக்கும் வெல்ட் யாரென்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், பல ஆண்டுகள் அச்சாலையில் பயணம் செய்த நானும் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற நாளில்தான் அறிந்துகொண்டேன்.

பெற்றோர்களே, அடுத்த முறை பிள்ளைகளுடன் பயணம் செய்யும்போது ஒரு பெயர்ப்பலகையைக் காட்டி, "இவர் யார்? இப்பெயரை எப்போது, யார் வைத்தார்கள்?" என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் சேர்ந்தே தேடுங்கள்.

அன்று பேருந்து பாலத்தை நெருங்கும்போது அம்மாணவி மீண்டும் கேட்டாள்: "அவரைத் தோற்கடித்தவங்களே ஏன் ஐயா பேர் வெச்சாங்க?"

அந்தக் கேள்விக்காகவே அச்சாலைக்கு அந்தப் பெயர் தகும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்