புஷ்கினின் துப்பாக்கியில் எவ்வளவு மருந்து?

குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய கைத்துப்பாக்கியில் குறி தப்பாதிருக்க வேண்டுமானால் மருந்து அளவோடு இருக்கவேண்டும். மிகுந்தால் கை உதறும். குண்டைச் சுற்றிய துணி கிழியும். இலக்கு பார்த்துச் சுடுவோர் குறைவாகத் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டி, துளைகள் நெருங்கி விழும் அளவில் நிறுத்திக்கொள்வார்கள். துவந்த யுத்தத்துக்கும் (எதிராளி சில எட்டு தூரத்தில்தானே நிற்கிறான்!) அதிக மருந்து தேவையில்லை.

‘யெவ்கேனி ஒனேகின்’ ஆறாம் அத்தியாயத்தில் (1828) மருந்து கொட்டுவதையும் குண்டை இடித்திறக்குவதையும் ஒரு கைவினைஞனின் கண்ணோடு வர்ணித்தவர் புஷ்கின். 1837 பிப்ரவரி 8 அன்று, பீட்டர்ஸ்பர்க் அருகே சோர்னயா ரெச்கா ஓடைப்பக்கம், அவரே பனியில் டாண்டேஸின் எதிரே நின்றார். மருந்து கெட்டித்துக் கொடுத்தவர்கள் இருதரப்புச் சாட்சிகள். டாண்டேஸின் குண்டு புஷ்கினின் வயிற்றில் புகுந்து உள்ளேயே தங்கிவிட்டது. விழுந்தபோது துப்பாக்கி வாயில் பனி அடைத்துக்கொண்டதால் வேறொன்றை வாங்கிப் படுத்தபடியே சுட்டார். அது டாண்டேஸின் கையைத் துளைத்தது, மார்பைத் துளைக்கவில்லை.

பொத்தான் காத்தது என்றார்கள். உள்ளே இரும்புக் கவசம் இருந்தது என்றும் பின்னாளில் பேச்சு எழுந்தது. எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை. ஒரு குண்டு உடலைக் கடக்காமல் நின்றது, மற்றது கையைக் கடந்ததும் களைத்தது. இரண்டிலும் மருந்து குறைவு என்றே நினைக்கிறேன். அந்தக் குறைவும் புஷ்கினைக் கொல்லப் போதுமானதாக இருந்தது. பிப்ரவரி 10 அன்று இறந்தார். டாண்டேஸ் 1895 வரை வாழ்ந்தான்.