மிச்சத் தீ

வீட்டு ஷெட்டில் விமானம் கட்டும் அமெரிக்கர்களில் சிலர் லைகாமிங், கான்டினென்டல் என்ஜின்களை விட்டுவிட்டு, பழைய ஆர்எக்ஸ்-7 காரிலிருந்து கழற்றிய மஸ்தா 13பி என்ஜினைப் பூட்டுகிறார்கள். கேட்டால் அவர்கள் சொல்லும் முதல் பெருமை, அதில் வால்வு இல்லை, பிஸ்டன் இல்லை, கனெக்டிங் ராட் இல்லை என்பது. உண்மைதான். உள்ளே முக்கியமாக அசைவது இரண்டு ரோட்டர்களும் ஒரு தண்டும் மட்டுமே. உடைவதற்குப் பாகங்கள் குறைவு. ஆனால் உள்ளே குறைந்த சிரமமெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டால் எக்ஸாஸ்ட் குழாயைத்தான் கைகாட்ட வேண்டும். என்ஜினைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. குழாயின் கதையையும் ஒருமுறை சொல்லிவிடலாம்.

நல்ல குழாய்க்கு உயிர் நிக்கல். நிக்கலுக்குப் பேர்போன ஊர் கனடாவின் சட்பரி. சுமார் 185 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்த பள்ளம் அது. 1883இல் கனடியன் பசிபிக் ரயில்பாதைக்குப் பாறையை உடைத்தபோதுதான் அங்கே தாது இருப்பது வெளியே தெரிந்தது. அந்தச் சுரங்கங்களால் வளர்ந்த இன்டர்நேஷனல் நிக்கல் கம்பெனி, மேற்கு வர்ஜீனியாவின் ஹன்டிங்டனில் உலோக ஆலை வைத்தது. இன்கோனல் 625 என்ற கலப்பு உலோகம் பிறந்தது அங்கேதான். காப்புரிமை 1964இல் கிடைத்தது. பாதிக்கு மேல் நிக்கல், 20 சதவீதத்துக்கு மேல் குரோமியம், கூடவே மாலிப்டினமும் நியோபியமும். அதை உருவாக்கியவர்கள் நினைத்தது அனல்மின் நிலையத்தின் நீராவிக் குழாய்களை. விமானம் கட்டுகிறவர்களின் ஷெட்டுக்கு அது வந்து சேரும் என்று எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவு உசத்தியான உலோகம் எதற்கு? சூட்டுக்குத்தான். சாதாரண பிஸ்டன் விமான என்ஜினில் வெளியேறும் புகை 700, 800 டிகிரி செல்சியஸ் இருக்கும். 13பி போன்ற ரோட்டரி என்ஜினில் 900ஐத் தாண்டுவது சகஜம். அதன் எரியறை நீண்டு, தட்டையாக, பிறை வடிவத்தில் இருக்கிறது. தீ ஒரு முனையில் பிடித்து மறுமுனையின் இடுக்குக்குள் போய்ச் சேர்வதற்குள் வாசல் திறந்துவிடுகிறது. எரியாமல் தங்கியது குழாய்க்குள் வந்து எரிகிறது. மஸ்தாவுக்கு இது ஆரம்பத்திலேயே தெரியும். 1970களில் அமெரிக்காவுக்கு அனுப்பிய ரோட்டரி கார்களில் தெர்மல் ரியாக்டர் என்ற கனத்த பெட்டியை என்ஜினோடு ஒட்டி மாட்டி, அதில் காற்றை ஊதி, மிச்ச எரிபொருளை அங்கேயே எரித்துத்தான் மாசுக் கட்டுப்பாட்டு விதியைச் சமாளித்தது.

சூடு ஒரு பக்கம், அடி இன்னொரு பக்கம். பிஸ்டன் என்ஜினில் வால்வு மெல்லத் திறக்கும். புகை படிப்படியாக வெளியேறும். 13பியில் ரோட்டரின் முனை துவாரத்தைத் தாண்டிய கணமே முழு அழுத்தமும் குழாய்க்குள் பாய்கிறது. தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ரோட்டருக்கு ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் இரண்டு ரோட்டருக்கும் சேர்த்து விநாடிக்கு 200 தடவை அடி விழும். காரில் இந்த வேகம் எப்போதாவது வரும். விமானத்தில் புரொப்பெல்லரை 2.17க்கு 1 அல்லது 2.85க்கு 1 என்று கியர் போட்டுக் குறைத்து ஓட்டுவதால், என்ஜின் மணிக்கணக்கில் உயர் வேகத்திலேயே இருக்கிறது. கார்க் குழாயை அப்படியே மாட்டிப் பறக்க முடியாததற்கு இதுவே காரணம்.

முதல் குழாயைப் பெரும்பாலோர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்தான் செய்கிறார்கள். நம் எவர்சில்வர் பாத்திரத்தின் 304 ரகம் கிட்டங்கியில் சுலபமாகக் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் 425இலிருந்து 870 டிகிரிக்குள் நெடுநேரம் கிடந்தால் அதிலுள்ள கார்பன் குரோமியத்தோடு சேர்ந்து படிக எல்லைகளில் ஒதுங்கும்; வெல்டு ஓரம் பலவீனப்படும். டைட்டானியம் கலந்த 321 ரகம் இதைத் தடுக்கும். அதற்கும் மேலே போகிறவர் இன்கோனலுக்கு வருகிறார். சூட்டில் பலம் அதிகம் குறையாததால் மெல்லிய தகடே போதும், எடையும் மிச்சம். பர்ஸ்தான் இளைக்கும்.

இனி ஷெட்டு. நேர்க்குழாயும் வளைவுத் துண்டுகளும் வந்தாயிற்று. என்ஜினுக்கும் தீத்தடுப்புச் சுவரான ஃபயர்வாலுக்கும் என்ஜின் மூடியான கவுலிங்குக்கும் நடுவே கிடைக்கும் சந்தில் குழாய் நெளிந்து போக வேண்டும். துண்டுகளை வெட்டி, பொருத்திப் பார்த்து, டாக் எனும் தற்காலிகப் பொட்டு வெல்டு அடிக்கிறார்கள். இன்கோனலை அறுத்தால் அறுத்த இடமே இறுகும்; ரம்பம் சீக்கிரம் மழுங்கும். வெல்டு போடும் இடத்தை அசிட்டோன் தொட்டுத் துடைக்காமல் தொடக்கூடாது. விரல் பிசுக்கு, குறி போட்ட கிரேயான், ஈயத் தூசி எது இருந்தாலும் சூட்டில் உலோகத்துக்குள் புகுந்து விரிசலுக்கு வித்திடும். டிக் வெல்டிங் டார்ச் பட்டதும் உருகும் குட்டை பாகு மாதிரி மந்தமாக நகரும். ஸ்டீலில் பழகிய கைக்கு முதலில் எரிச்சல்தான் வரும். குழாயின் இரு வாயையும் அடைத்து உள்ளே ஆர்கான் நிரப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் வெளியே அழகாகத் தெரியும் வெல்டின் உட்புறம் கறுத்துப் பொரிந்து சொரசொரத்துவிடும். பிறகு அந்தச் சொரசொரப்பில்தான் விரிசல் தொடங்குகிறது. குழாயை என்ஜினோடு இணைக்கும் ஃபிளேன்ஜ் கோணாமல் இருக்க, கழித்துப் போட்ட பழைய ரோட்டர் ஹவுசிங்கில் அதைப் போல்ட் போட்டு முறுக்கிக்கொண்டே வெல்டு செய்வது கைகண்ட முறை.

இத்தனைக்கும் பிறகு குழாயை இறுக்கிக் கட்டினால் கெட்டது. ஒரு மீட்டர் ஸ்டீல் குழாய் 800 டிகிரிக்குச் சூடேறினால் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் நீளும். நீள இடம் கொடுக்காவிட்டால் தானே கிழித்துக்கொண்டு இடம் எடுத்துக்கொள்ளும். ஆகவே நடுவில் ஒன்றுக்குள் ஒன்று நழுவும் மூட்டு, அதைப் பிடித்திருக்க ஸ்பிரிங்.

சைலன்சர் தனித் தலைவலி. ரோட்டரியின் சத்தம் காதைப் பிளக்கும். சைலன்சர் இல்லாமல் பறந்தால் அக்கம்பக்கத்தார் புகார் எழுதுவார்கள். உள்ளே கண்ணாடி இழை திணித்த ரகத்தில் இழை கொஞ்ச நாளில் பறந்து போய்விடும். தடுப்புத் தகடு வைத்த ரகம் இன்னும் மோசம்: தகடு வெல்டு விட்டு, உருண்டு போய் வாயை அடைத்தால் ஆகாயத்தில் என்ஜின் பலம் இறங்கிவிடும். இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்க முடியாது. உடைந்து விழ உள்ளே எதுவும் இல்லாத சைலன்சரே என் ஓட்டைப் பெறும், சத்தம் கொஞ்சம் கூடினாலும்.

ஒரு சகாயமும் உண்டு. காற்றில் குளிரும் விமான என்ஜின்களில் எக்ஸாஸ்டைச் சுற்றி உறை போட்டு அந்தச் சூட்டை விமானி அறைக்குக் கொண்டுபோவது வழக்கம். குழாயில் விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடும் கூடவே போகும். 13பி தண்ணீரில் குளிர்வது. அறைச் சூட்டைக் காரில் போலத் தண்ணீரிலிருந்தே எடுக்கலாம்.

சான்றிதழ் இல்லாத என்ஜின் பூட்டிய எக்ஸ்பெரிமென்டல் விமானத்தை முதலில் பொதுவாக 40 மணி நேரம் பறக்கவிட்டுச் சோதிக்க வேண்டும் என்பது அமெரிக்க நடைமுறை. வெல்டின் குறைகள் அந்த 40 மணி நேரத்துக்குள்ளேயே தலைகாட்டத் தொடங்கும். கவுலிங்கைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் ஃபிளேன்ஜ் ஓரத்தையும் வளைவின் உட்பக்கத்தையும் டார்ச் லைட் அடித்துப் பார்க்க வேண்டும். வெளுத்த கோடு தெரிந்தால் அது அழுக்கல்ல, புகை கசிந்த தடம். கட்டியவரே ரிப்பேர்மேன் சான்றிதழ் வாங்கியிருந்தால் ஆண்டுப் பரிசோதனையையும் அவரே செய்து கையெழுத்துப் போடலாம்.

லைகாமிங்கின் விலையைப் பக்கத்தில் வைத்து மஸ்தா மலிவு என்று மகிழ்கிறவர்கள், குழாய், சைலன்சர், ஆர்கான், இரண்டாம் முறை செய்வதற்கான உலோகம் எல்லாவற்றையும் என்ஜின் கணக்கிலேயே எழுத வேண்டும். எழுதிய பிறகும் மலிவாகத் தெரிந்தால் தாராளமாகக் கட்டட்டும். வெல்டிங்கில் பிரியமில்லாதவர் லைகாமிங்கையே வாங்கிக்கொள்வது உத்தமம்.