கார்னெட் பதித்த ஆங்கிலோ-சாக்சன் பொன்னணிகள்

கி.பி. 6, 7ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் ஆங்கிலோ-சாக்சன் பொற்கொல்லர்கள் செய்த அணிகலன்களில் கார்னெட் என்ற செம்மணி பதித்தவை தனிச் சிறப்புடையவை. இவற்றுள் தலையாயவை சஃபோக் பகுதியிலுள்ள சட்டன் ஹூவில் 1939இல் கிடைத்தன. ஈடித் பிரெட்டி என்ற அம்மையாரின் நிலத்திலிருந்த மண்மேட்டைப் பேசில் பிரவுன் அகழ்ந்தபோது, சுமார் 27 மீட்டர் நீளமுள்ள கப்பலின் தடம் தெரிந்தது. அதன் நடுவே அரசருக்குரிய புதையல் இருந்தது. கி.பி. 624ஐ ஒட்டி இறந்த கிழக்கு ஆங்கிலிய மன்னர் ரெட்வால்டின் கல்லறை இது என்பது பலரின் கருத்து.

செம்மணி பதிக்கும் வேலை பெரும் பொறுமையைக் கேட்பது. தங்கத் தகட்டின் மேல் மெல்லிய தங்கப் பட்டைகளை நிறுத்திப் பற்றவைத்துச் சிறு அறைகள் அமைப்பார்கள். படிக்கட்டு போலவும் காளான் போலவும் வளைந்து மடியும் அந்த அறைகள் ஒவ்வொன்றுக்கும் இசைய, ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கனமுள்ள கல்சில்லைத் தேய்த்துப் பொருத்த வேண்டும். கார்னெட் இயல்பில் இருண்ட கல். வெறுமனே பதித்தால் கறுத்துப் போகும். எனவே கல்லுக்கு அடியில், நுண்ணிய கட்டங்கள் அச்சழுத்திய தங்கத் தாளை வைத்தார்கள். கல்லை ஊடுருவிய ஒளி அக்கட்டங்களில் பட்டுச் சிதறித் திரும்பும்போது சிவப்பு தணலாக எரிகிறது. இக்கலையின் உயிர் மறைந்து கிடக்கும் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

சட்டன் ஹூவின் தோள் கொக்கிகளில் இந்த நுட்பம் உச்சம் தொடுகிறது. அவற்றின் நுனிகளில் பின்னிக் கிடக்கும் காட்டுப்பன்றிகளைச் சற்று உற்றுப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். 412.7 கிராம் எடையுள்ள பெரிய இடைக்கச்சைக் கொக்கியிலோ கல்லே கிடையாது. பின்னலிட்ட விலங்குருவங்களும் கறுப்புப் பூச்சும் மட்டுமே அதற்கு அழகு.

இந்த அணிகளின் தங்கத்தில் பெரும்பகுதி, பைசாந்தியப் பேரரசிலிருந்து பிராங்கியர் வழியாக வந்த நாணயங்களை உருக்கியது. ஐரோப்பாவின் தொடக்ககால அணிகளுக்கு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கார்னெட் சென்றதை வேதியியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. 7ஆம் நூற்றாண்டிலோ ஐரோப்பாவிலேயே கிடைத்த பொகீமியக் கற்கள் மிகுந்தன.

2009இல் ஸ்டாஃபோர்டுஷயரில் உலோகங்காணி ஒன்றால் வெளிப்பட்ட மற்றோர் ஆங்கிலோ-சாக்சன் புதையலில் ஏறத்தாழ 4 கிலோ தங்கம் இருந்தது. அதில் பெரும்பாலானவை வாள்களிலிருந்து பெயர்த்தெடுத்த பொற்பூண்கள்.

சட்டன் ஹூ புதையல் நிலத்துக்கு உரியவருக்கே சொந்தம் என 1939இல் நடந்த விசாரணை முடிவு செய்தது. பிரெட்டி அம்மையார் அத்தனையையும் நாட்டுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். லண்டனின் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் 41ஆம் அறையில் அவை வைக்கப்பட்டுள்ளன.