காவலின் செலவு யாருடையது?

சென்னையிலிருந்து திருச்சிக்கும் சேலத்துக்கும் செல்லும் பெருஞ்சாலைகள் பிரியும் இடம் உளுந்தூர்பேட்டை. மேற்கே கள்ளக்குறிச்சி, அதற்கப்பால் கல்வராயன் மலை. தெற்கே விருத்தாசலம் பக்கமாக, வீரமாமுனிவரின் பெயரோடு பிணைந்த கோணான்குப்பம். இவ்வட்டாரக் குழந்தைகளைத் துன்பத்திலிருந்து காப்பதற்கு யார் பணம் கொடுத்தார்கள், எந்த வேளையில் கொடுத்தார்கள் என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அண்மைக் காலத்திலிருந்தே தொடங்கலாம். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 5,000 ரூபாயும், அவர்கள் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புநிதியும் அளிப்பதாக அரசு அறிவித்தது. ஒருவரை இழந்தோர்க்கு 3 லட்சம். நல்ல உதவிதான், குறை கூற மனம் வராது. ஆனால் குடிகாரத் தந்தையின் வீட்டில் அந்தப் பிள்ளைகள் அதற்கு முன்பு வாழ்ந்த ஆண்டுகளில், அவர்கள் பெயரால் எந்த அலுவலகத்தில் எவ்வளவு செலவு எழுதப்பட்டிருந்தது? இவ்வினாவுக்கு விடை தேடினால் நூற்றைம்பது ஆண்டு வரலாறு விரிகிறது.

1876-78 தாது வருடப் பஞ்சத்தில் அநாதைப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாய்த் தெருவில் நின்றபோது, மறைபரப்புப் பணியாளரின் இல்லங்களும் அவர்களுக்குப் புகலிடமாயின. அவ்வில்லங்களைத் தாங்கிய பணத்தில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்பது நம் பங்குமக்கள் பலர் அறியாத செய்தி. 1843-இல் பிரான்சு நாட்டு ஆயர் ஃபோர்பின்-ஜான்சன் தொடங்கிய திருப்பாலர் சபையில், ஐரோப்பியச் சிறுவர் சிறுமியர் மாதந்தோறும் ஒரு சிறு நாணயம் போட்டார்கள். முதலில் சீனக் குழந்தைகளுக்கென்று தொடங்கிய அக்காணிக்கை, பிற மறைபரப்பு நாடுகளின் அநாதை இல்லங்களுக்கும் பரவியது. குழந்தையைக் குழந்தையே காத்த கதை அது! ஆயினும் அந்த நாணயமும் பெற்றோர் இறந்த பிறகுதான் வந்து சேர்ந்தது.

அதே பஞ்ச நாட்களில், 1877-இல், தூரின் நகரில் புனித தொன் போஸ்கோ ஒரு சிறு கட்டுரை எழுதினார். இளைஞரைக் குற்றத்துக்குப் பின் ஒடுக்குவது ஒரு முறை. குற்றமும் கேடும் அணுகுமுன் அன்போடு உடனிருந்து காப்பது மற்றொரு முறை. இரண்டாவதே தம் வழி என்றார். குருவான புதிதில் தூரின் சிறைகளில் வாடிய சிறுவர்களைக் கண்டதன் பயன் அது. வெளியே வரும்போது தங்களுக்கென்று ஒரு நண்பர் இருந்திருந்தால் இவர்கள் மீண்டும் இங்கு வருவார்களா என்பதே அவரை வாட்டிய கேள்வி. அவருடைய சபையினர் 1906-இல் தஞ்சைக்கு வந்தனர். முன்காத்தல் என்னும் கருத்தைத் தமிழ்க் கத்தோலிக்கர் அயலாரிடம் கடன் வாங்க வேண்டியதில்லை; நம் இல்லத்திலேயே இருக்கிறது.

அரசின் பாதை வேறு. இந்தியாவிலேயே முதன்முதலாக 1920-இல் குழந்தைகள் சட்டம் இயற்றிய பெருமை சென்னை மாகாணத்துக்கு உரியது. வங்காளமும் பம்பாயும் பின்னரே இயற்றின. ஆனால் அச்சட்டத்தின் பணம் பெரும்பாலும் பள்ளிகள் என்னும் பெயர் தாங்கிய கட்டடங்களுக்குச் சென்றது. குழந்தை வழிதவறியபின், அல்லது கைவிடப்பட்டபின், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடங்கள் அவை.

வேடிக்கை என்னவெனில், தமிழகத்தில் முன்காப்புக்கென உண்மையாகச் செலவிடப்பட்ட பெரும்பணம் அந்தப் பெயரைத் தாங்கவே இல்லை. 1956-இல் காமராசர் காலத்தில் தொடங்கி 1982-இல் விரிவுபெற்ற மதிய உணவு, பசியைத் தீர்க்க வந்தது. ஆனால் நாள்தோறும் பள்ளிக்கு வரும் பிள்ளையை ஆசிரியர் பார்க்கிறார், சத்துணவு அமைப்பாளர் பார்க்கிறார். உடம்பில் தழும்பு, முகத்தில் வாட்டம், திடீரென்று நின்றுபோன வருகை இவையெல்லாம் யார் கண்ணிலாவது படுகின்றன. 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் வந்த திருமண உதவி, எட்டாம் வகுப்பு படித்த ஏழைப் பெண்ணுக்கு 5,000 ரூபாய் தந்தது. பெண்ணுக்குத் திருமண வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால் குழந்தை மணத்துக்கு அதுவே ஓர் அணையாயிற்று. அத்திட்டம் 2022-இல் மாதம் 1,000 ரூபாய் கல்வி உதவியாக உருமாறியது. என் கருத்தில், மேடையில் முழங்கிய ஆயிரம் விழிப்புணர்வுக் கூட்டங்களைவிட இவை இரண்டும் அதிகம் காத்தன.

கல்வராயன் மலையை இங்கே மறக்கலாகாது. ஜாகிர்தார்களின் ஆளுகையில் கூலியில்லா உழைப்பில் கிடந்த அம்மலை மக்கள், 1976-ஆம் ஆண்டளவில்தான் அதிலிருந்து விடுபட்டனர். அரசின் பணமும் பார்வையும் சமவெளிக்கு வந்து நெடுநாள் கழித்தே மலையேறின. 1993 வரை மாவட்டத் தலைநகர் கடலூர், பிறகு விழுப்புரம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டம் செயல்படத் தொடங்கும் வரை, மலைக்கிராமத்துத் தாய் தன் மகளுக்காக மாவட்ட அதிகாரியிடம் முறையிட விழுப்புரம் வரை பயணப்பட வேண்டியிருந்தது. பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் ஏறாத செலவுகள்.

குழந்தைப் பாதுகாப்புக்கெனத் தனிப் பெயரோடு மத்திய அரசின் நிதி வந்தது 2009-இல். ஒருங்கிணைந்த குழந்தைப் பாதுகாப்புத் திட்டம் என்று பெயர். இன்று மிஷன் வாத்சல்யா. மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. மாவட்டந்தோறும் அலகு அமைந்தது. வறுமையால் பிள்ளையை இல்லத்தில் விடும் நிலையிலுள்ள குடும்பத்துக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகையும் இதில் உண்டு. பிள்ளையை வீட்டிலேயே வைத்துக் காக்கும் இப்பகுதிதான் திட்டத்தின் உயிர். ஆயினும் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள்தான் அது கிடைக்கும். 1996-இல் மும்பையில் பிறந்த 1098 தொலைபேசிச் சேவையைத் தொண்டு நிறுவனங்கள் பல நடத்திவந்தன. 2023-இல் அது அரசின் கைக்கு மாறியது. எண் மாறவில்லை. ஆனால் அழைப்பு வந்தவுடன் ஊரறிந்த ஒருவர் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ வந்து நிற்கும் பழக்கம் தொடர வேண்டுமானால், அதற்கும் ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம் 1980-இல் ஓர் எளிய வழி கண்டது. திருமண உரிமக் கட்டணத்தோடு சிறு தொகை கூட்டி வாங்கி, குழந்தைத் துன்புறுத்தலைத் தடுக்கும் உள்ளூர்ப் பணிகளுக்கென்றே தனி நிதி அமைத்தது. மற்ற மாநிலங்கள் அதைப் பின்பற்றின. புதிய வீடு தோன்றும் வேளையிலேயே அவ்வீட்டுப் பிள்ளைக்குக் காவல் நிதி! நம் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்திலும் மாநிலம் ஒரு நிதி அமைக்கலாம் என்று இருக்கிறது. 'அமைக்கலாம்' என்ற சொல்லை வாசகர் கவனிக்க.

அரசின் பணத்தைக் கேட்கும் நாம் அரசின் பார்வைக்கும் இடம்தர வேண்டும். மானியம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் குழந்தைகள் இல்லம் ஒவ்வொன்றும் பதிவு பெற வேண்டும் என்பது அதே சட்டத்தின் கட்டளை. கன்னியரும் குருக்களும் நடத்தும் இல்லங்கள் இதற்கு விலக்கல்ல. திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் வெளியிட்ட ஆணைமடல், துன்புறுத்தல் புகாரை மறைக்காமல் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவிப்பதைக் குருக்களுக்கும் துறவியருக்கும் கடமையாக்கியது. அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்றவுடன் நம்மிடையே சிலர் மதவிரோதம் என்று முணுமுணுப்பது சரியன்று.

திட்டத்தின் கடைசிப் படி ஊராட்சி. ஊராட்சித் தலைவரின் தலைமையில் கிராமக் குழந்தைப் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்பது விதி. உளுந்தூர்பேட்டை வட்டத்து ஊர் எதிலும், ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் எந்தக் குடிமகனும் எழுந்து கேட்கலாம்: அந்தக் குழு கடைசியாகக் கூடியது என்று? அதற்கென ஊராட்சிக் கணக்கில் எழுதப்பட்ட தொகை எவ்வளவு? பங்குப் பேரவை உறுப்பினரும் அந்த ஊரின் வாக்காளர்தாம்.