‘இயற்கைக்கு மாறு’: ஒரு சட்டத்தொடரின் வரலாறு

ஒரு தொடர் ஒரு நாட்டின் நூலிற் பிறந்து, சட்டத்திற் புகுந்து, கடல் கடந்து பிறநாட்டு மக்களின் வாய்மொழியாகி, ஈற்றில் அவர்தம் மனச்சான்றே போல அமைந்துவிடுதல் உண்டு. அந்நிலையில் அத்தொடர் எங்கிருந்து வந்தது என்று எவரும் வினவுவதில்லை. முன்னோர் மொழி என்றே அதனைக் கொள்வர். தன்பாலீர்ப்பினரைப் பற்றி நம் நாட்டார் வழங்கும் ‘இயற்கைக்கு மாறு’ என்னும் தொடர் அத்தகையது. அதன் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி அரசன் காலத்தில், 1533-ஆம் ஆண்டில், ஆணும் ஆணும் கூடுதலைக் கொலைத்தண்டத்திற்குரிய குற்றமாக்கிய சட்டம் இயற்றப்பெற்றது. அதுவரை திருச்சபையின் முறைமன்றங்களுக்கு உரியதாயிருந்த பொருள் அன்று முதல் அரசனின் முறைமன்றங்களுக்கு உரியதாயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் எட்வர்டு கோக் என்னும் சட்ட அறிஞர் அக்குற்றத்திற்கு இலக்கணம் கூறப் புகுந்து, அது படைத்தோன் ஆணைக்கும் இயற்கை ஒழுங்குக்கும் மாறானது என்றார். கிறித்தவரிடையே பெயர் சொல்லவும் தகாதது என்றும் உரைத்தார். இவ்விரண்டு கருத்தையும் ஒருங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒன்று இயற்கைக்கு மாறு என்பது. மற்றொன்று பெயர் சொல்லலாகாது என்பது. பெயர் சொல்லாத ஒன்றை எவ்வாறு வரையறுப்பது? வரையறுக்கப்படாத ஒன்றை எவ்வாறு மறுப்பது? இத்தொடரின் வன்மையெல்லாம் இந்த இருளிலேயே அடங்கியிருந்தது எனலாம்.

மெக்காலே 1834 சூன் திங்களில் சென்னையிற் கரையிறங்கி, நீலகிரிக்குச் சென்று தலைமை ஆளுநர் பெண்டிங்கைக் கண்டு, பின்னரே கல்கத்தா சேர்ந்தார். அவர் தலைமையில் அமைந்த சட்டக்குழு 1837-இல் தண்டச் சட்டத்தின் வரைவை வெளியிட்டது. அவ்வரைவில் 361, 362 என்னும் இரு பிரிவுகள் இக்குற்றம் பற்றியன. ஏனைய பிரிவுகளுக்கெல்லாம் எடுத்துக்காட்டும் விளக்கமும் விரித்தெழுதிய அவர், இவ்விரண்டிற்கும் வந்தபோது எழுதுகோலை நிறுத்திக்கொண்டார். இதுபற்றிப் பொதுமக்களிடையே ஆய்வு எழுமாறு ஒரு சொல்லும் சேர்க்க விரும்பவில்லை என்றும், அத்தகைய பேச்சால் விளையும் தீங்கு சட்டத்தால் விளையும் நன்மையினும் மிகும் என்றும் காரணம் காட்டினார். விளக்கமே தம் பெருமை என்று கருதிய ஒருவர் விளக்க மறுத்த இடம் இது. உரையாசிரியர் ஒருவர் ஒரு நூற்பாவுக்கு மட்டும் உரை எழுதாது விட்டுச் சென்றால் பின்வந்தோர் அதனைத் தம் விருப்பம் போலப் பொருள்கொள்வர் என்பது தமிழ் பயின்றார்க்குத் தெரிந்ததே. இங்கும் அதுவே நிகழ்ந்தது.

வரைவு இருபது ஆண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்தது. 1857-இன் கிளர்ச்சிக்குப் பின், பார்ன்ஸ் பீக்காக் என்பவர் திருத்திய வடிவில் 1860-இல் சட்டமாகி, 1862 சனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. மெக்காலே அதனைக் காண உயிரோடில்லை; 1859 திசம்பரில் மறைந்துவிட்டார். ‘இயற்கை ஒழுங்குக்கு மாறான கூட்டம்’ என்னும் தொடர் அதன் 377-ஆம் பிரிவாயிற்று. தண்டனை நாடுகடத்தல் அல்லது பத்தாண்டு வரை சிறை. 1955-இன் திருத்தச் சட்டம் நாடுகடத்தலை நீக்கி வாழ்நாட்சிறை என மாற்றியது. விடுதலை பெற்ற நாடு அப்பிரிவைக் கையிலெடுத்துத் தண்டனையின் பெயரை மாற்றிவிட்டு, குற்றத்தை அவ்வாறே வைத்தது.

இத்தொடர் நம் நாட்டோடு நிற்கவில்லை. தமிழர் வாழும் பிற நிலங்களையும் பற்றியது. மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களின் தண்டச் சட்டத்தில் 377 என்னும் அதே எண்ணோடு புகுந்தது. இலங்கையில் 1883-இன் தண்டச் சட்டத்தில் 365, 365அ என அமைந்து, 1995-இல் பெண்களையும் உள்ளடக்குமாறு திருத்தப்பெற்றது. சிங்கப்பூர் 1938-இற் சேர்த்த 377அ பிரிவை 2022-இல் தன் நாடாளுமன்றத்தின் வாயிலாக நீக்கிற்று. தாய்நாடாகிய இங்கிலாந்து, வுல்ஃபெண்டன் குழுவின் 1957-ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின், 1967-லேயே இங்கிலாந்து, வேல்சு ஆகிய பகுதிகளில் வயது வந்த ஆடவரின் தனிவாழ்வைக் குற்றமல்ல என்றது. கொடுத்தவர் கைவிட்ட பின்னும் பெற்றவர் அரை நூற்றாண்டு காத்தனர்.

ஈண்டு ஒரு தடை எழும். ‘இது வெள்ளையர் தந்த சட்டம் மட்டுமன்று, நம் முன்னோரும் இதனை வெறுத்தனரே’ என்பர் ஒரு சாரார். ‘நம் முன்னோர் இதனைப் போற்றினர், வெறுப்பெல்லாம் அயலாரிடமிருந்து வந்தது’ என்பர் மற்றொரு சாரார். இரண்டும் முழுமையல்ல. மனுநூல் இருபிறப்பாளனுக்கு ஆடையோடு நீராடுதலைக் கழுவாயாக ஓரிடத்திற் கூறும்; கன்னியரிடையே நிகழ்ந்ததற்குப் பணத்தண்டமும் கசையடியும் மற்றோரிடத்திற் கூறும். ஆகவே பழமை குற்றமற்றது என்றல் பொருந்தாது. ஆயினும் நீராடலுக்கும் வாழ்நாட்சிறைக்கும் இடைப்பட்ட தொலைவு சிறிதன்று.

தமிழ் நூல்களுக்கு வருவோம். தொல்காப்பியமும் நன்னூலும் பேடு என்னும் பிறப்பினரை உயர்திணையில் வைத்து எண்ணுகின்றன. நன்னூலார் ஒருபடி மேற்சென்று, பெண்மை விட்டு ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலாகவும், ஆண்மை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலாகவும் வழங்குமாறு விதி வகுக்கின்றார். உடலை நோக்காது அவாவை நோக்கி வினைமுற்றுக் கொடுக்கும் இவ்விதி வியக்கத்தக்கது. சிலப்பதிகாரம் கூறும் பதினோராடலுள் பேடியாடல் ஒன்று. அதனை ஆடியவன் காமன். மணிமேகலையில் புகார் நகர மாந்தர் தெருவில் பேடியின் ஆடலைக் கண்டு நிற்கின்றனர். இவையெல்லாம் பால் பற்றிய செய்திகளேயன்றி ஈர்ப்புப் பற்றியன அல்ல என்பதை மறத்தலாகாது. திருநர் வேறு, தன்பாலீர்ப்பினர் வேறு. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் கொண்ட நட்பைத் தன்பாலீர்ப்பு எனக் காட்ட முயல்வார் இந்நாளில் உளர். காணாமலே வளர்ந்து உயிர்விடும் அளவு முதிர்ந்த நட்பு அது. அதற்குமேல் அப்பாடல்கள் எதுவும் சொல்லவில்லை. சான்று இல்லாத இடத்தில் வழக்கை நிறுவப் புகுந்தால், உள்ள சான்றும் மதிப்பிழக்கும். அகத்திணை ஆணும் பெண்ணும் கொண்ட காதலையே பொருளாகக் கொண்டது. பிறவற்றைப் பற்றி வாய்திறவாதிருந்தது. வாய்திறவாமை ஏற்பும் அன்று, வெறுப்பும் அன்று. நான் துணிந்து கூறுவது இவ்வளவே: இயற்கைக்கு மாறு எனச் சிறைக்கனுப்பும் கருத்து நம் இலக்கணத்திலும் இல்லை, இலக்கியத்திலும் இல்லை.

அக்கருத்து நடைமுறையில் எவ்வாறு இயங்கியது என்பதற்கு 1884-இன் கைராத்தி வழக்கு ஒன்றே போதும். பெண்ணுடை அணிந்து பெண்களோடு பாடிக்கொண்டிருந்த ஒருவரைக் காவலர் பிடித்து, மருத்துவரைக் கொண்டு உடலை ஆய்வித்து, 377-இன் கீழ்க் குற்றஞ்சாட்டினர். எந்த நாளில், எந்த இடத்தில், யாரோடு குற்றம் நிகழ்ந்தது என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. கீழ்மன்றம் தண்டித்தது. அலகாபாத்து உயர்நீதிமன்றம் விடுவித்தது. விடுவிக்கும்போதே காவலரின் நோக்கத்தைப் பாராட்டவும் செய்தது. செயல் இன்றி ஆள் மட்டுமே குற்றமாதல் இதன் உட்பொருள். 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டமும் தன் இரண்டாம் பகுதியில் அலிகள் எனப்பட்டாரைப் பெயர்ப்பதிவு செய்து கண்காணிக்க வழிவகுத்தது.

தில்லி உயர்நீதிமன்றத்தில் 1994-இல் ஒரு வழக்கும், 2001-இல் நாஸ் அறக்கட்டளையின் வழக்கும் தொடுக்கப்பெற்றன. 2009 சூலை 2-ஆம் நாள் தலைமை நீதிபதி ஏ. பி. ஷாவும் நீதிபதி எஸ். முரளிதரும் வழங்கிய தீர்ப்பு, வயது வந்தோர் இசைந்து தனிமையில் வாழும் வாழ்வை 377-இலிருந்து விலக்கியது. பொதுமக்களின் ஒழுக்கக் கருத்து வேறு, அரசியலமைப்பின் ஒழுக்கம் வேறு என்று அம்பேத்கரின் கருத்தைத் துணைக்கொண்டு அத்தீர்ப்பு பிரித்துக் காட்டிற்று.

2013 திசம்பர் 11-இல் உச்சநீதிமன்றத்தின் இருவர் அமர்வு அதனை மாற்றியது. இத்தகையோர் மக்கட்டொகையில் மிகச் சிறிய பகுதியினர் என்பதும், நூற்றைம்பது ஆண்டுகட்கு மேலாக 200-க்கும் குறைவானோரே வழக்கிற்கு உள்ளாயினர் என்பதும் அமர்வு கூறிய காரணங்கள். இக்காரணம் எனக்கு என்றும் விளங்கியதில்லை. தீர்ப்புத் தொகுதிகளில் உள்ள வழக்குகளை எண்ணலாம். காவலருக்குக் கைப்பணம் கொடுத்து மீண்டவரையும், மிரட்டிப் பணம் பறித்தோர்க்கு ஆண்டுக்கணக்கில் அஞ்சியவரையும், பெற்றோர் கட்டாயப்படுத்திய மணத்தில் தாமும் நொந்து துணையையும் நோகச் செய்தவரையும் எந்தத் தொகுதியில் எண்ணுவது?

2017-இல் ஒன்பது நீதிபதிகள் தனிமறைவுரிமையை அடிப்படை உரிமை என்றனர். 2018 செப்டம்பர் 6-இல், நடனக் கலைஞர் நவ்தேஜ் சிங் ஜோகரும் பிறரும் தொடுத்த வழக்கில், ஐவர் அமர்வு ஒருமனதாக 2013-இன் தீர்ப்பை நீக்கிற்று. அவருள் நீதிபதி இந்து மல்கோத்ரா, காலந்தாழ்ந்து நீதி கிட்டியதற்காக வரலாறு இம்மக்களிடத்தும் அவர்தம் குடும்பத்தாரிடத்தும் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டது என்று எழுதினார். வரலாறு மன்னிப்புக் கேட்காது. வரலாற்றை எழுதுவோர் கேட்கலாம். 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377 முற்றிலும் இடம்பெறவில்லை. இசைவின்றி ஆடவர்மீது நிகழும் வன்கொடுமைக்கு அப்பிரிவு தந்திருந்த காப்பும் அதனோடே மறைந்தது என்பதைக் குறிக்காது விடலாகாது.

சட்டம் மாறிய பின்னரும் தொடர் மாறவில்லை என்பதற்குச் சென்னை உயர்நீதிமன்ற வழக்குகளே சான்று. மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள் ஒருங்கு வாழ விரும்பிச் சென்னைக்கு வந்தனர். பெற்றோர் காணவில்லை என முறையிட, காவலர் தேடி வந்தனர். வழக்கைக் கேட்ட நீதிபதி ந. ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருள் பற்றித் தமக்கும் அறியாமையும் முற்கோளும் உண்டு என வெளிப்படையாகக் கூறி, உளவியலார் ஒருவரிடம் தாமே பாடங்கேட்டார். தீர்ப்பு வழங்கும் இடத்திலிருப்பார் மாணவராய் அமர்ந்தது அரிய செயல். 2021 சூன் 7-இல் அவர் இட்ட ஆணை, வயது வந்த இத்தகையோர் பற்றிய ‘காணவில்லை’ முறையீடுகளை, அவர்தம் கூற்றைக் கேட்டபின் மேல்துன்புறுத்தல் இன்றி முடித்துவிடுமாறு காவலரைப் பணித்தது. ஈர்ப்பை மாற்றுவதாகக் கூறும் மருத்துவத்தையும் தடுத்தது. தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகள் 2022-இல் இதற்கேற்பத் திருத்தப்பெற்றன.

அவ்வழக்கின் தொடர்ச்சியாகவே, இம்மக்களைக் குறிக்கும் கண்ணியமான தமிழ்ச்சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்டது. சொல்லாக்க வரலாற்றில் இது தனியிடம் பெறத்தக்கது. பெயர் சொல்லத் தகாதது என்று கோக் கூறிய ஒன்றுக்கு, ஏறத்தாழ நானூறு ஆண்டுகட்குப் பின், ஓர் அரசே பெயர் தேடி அச்சிட்டது.

2025 மே 22-இல் நீதிபதிகள் ஜி. ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் தீர்த்த வழக்கும் இரு பெண்களைப் பற்றியதே. ஒருவரைப் பெற்றோர் இல்லத்தில் அடைத்து, அடித்து, ‘சரியாக்க’ச் சடங்குகளும் செய்தனர் என அவரே மன்றத்திற் கூறினார். அவரை விடுவித்த அமர்வு, மணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று என்றது. தன்பாலினர் மணத்தை அடிப்படை உரிமையாக ஏற்க 2023-இல் உச்சநீதிமன்றம் மறுத்த பின்னர் வந்த கூற்று இது. ‘குயர்’ என்னும் ஆங்கிலச் சொல்லை வழங்கவும் அமர்வு தயங்கிற்று. விந்தையானது, வழக்கத்திற்கு மாறானது என்று அகராதி பொருள் கூறும் அச்சொல்லை, தம் ஈர்ப்பைத் தமக்கு இயல்பாகக் கொண்டவர்க்கு ஏன் வழங்குதல் வேண்டும் என நீதிபதிகள் வினவினர். அச்சொல்லை இம்மக்களிற் பலர் தாமே விரும்பி ஏற்றுக்கொண்டுள்ளனர் என்பது வேறு செய்தி. நான் நோக்குவது வினாவின் திசையை. 1862-இல் இயற்கைக்கு மாறு என்று தொடங்கிய வழக்கில், இயல்பு யாருடையது என்னும் வினாவை இப்போது நீதிமன்றமே எழுப்புகின்றது.

என் பட்டறிவு ஒன்றைக் கூறி அமைவேன். ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், நன்னூற் பெயரியலில் பேடு பற்றிய நூற்பாவை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர் நகைப்பர். நானும் உடன் நகைத்து அடுத்த நூற்பாவுக்குச் செல்வேன். ஒருமுறை கடைசி வரிசையில் ஒரு மாணவர் மட்டும் நகைக்காது நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். மறு பருவத்தில் அவர் கல்லூரிக்கு வரவில்லை. காரணம் எதுவாகவும் இருக்கலாம், நான் கேட்கவில்லை. இப்போது அந்நூற்பாவை நடத்த ஒரு முழுப் பாடவேளை எடுத்துக்கொள்கிறேன். அரசிதழ்ப் பட்டியலின் படியும் மேசைமேல் இருக்கும். முதல் நாள் சிலர் நகைக்கின்றனர். நூற்பாவில் வரும் ‘அவாவுதல்’ என்னும் வினைக்குப் பொருள் என்ன என்று அவர்களையே எழுந்து கூறச் சொல்கிறேன்.