தோற்றவர் கண்ட நெறி

சோழநாட்டுத் திருப்பூவனூரில் எழுந்தருளியுள்ள இறைவன், அரசிளங்குமரியோடு சதுரங்கம் ஆடி வென்றமையால் சதுரங்க வல்லபநாதர் எனப் போற்றப்படுகின்றார். அங்ஙனம் வெற்றியால் பெயர் விளங்கிய வரலாற்றை அன்பர்கள் அறிவர். தோல்வியுற்ற ஓர் ஆட்டத்தால் நினைக்கத்தக்கவரான ஒருவரை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

அவர் வங்கநாட்டு அந்தணர் மகேசசந்திர பானர்ஜி என்பார். சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் நடுவில், கல்கத்தாவில் வாழ்ந்த வழக்கறிஞரும், இலண்டனிலே பெயர்பெற்ற ஆட்டக்காரருமான ஜான் காக்ரேன் என்பவரோடு இவர் பலகால் ஆடினார். 1855-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஆட்டமொன்றில், காக்ரேன் இராணியின் முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் செலுத்தினார். அக்கால ஐரோப்பியர் பெரும்பாலும் அதற்கு நேராகத் தம் காலாளை நிறுத்துவர். மகேசசந்திரரோ முதலிற் குதிரையை வெளிக்கொணர்ந்தார். அடுத்து அரசன் பக்கத்துக் குதிரைக்கு நேரேயிருந்த காலாளை ஒரு கட்டம் நகர்த்தினார். மூன்றாவதாகவே நடுக்களத்தைத் தாக்கினார். பின்னர் மூலைவாட்டிற் செல்லும் மந்திரியை ஒதுங்கிய கட்டத்தில் அமைத்தார். பகைவன் நடுவிடத்தைக் கைப்பற்ற விட்டுத் தொலைவினின்று அதனைத் தகர்ப்பதே இதன் கருத்து. காலாள் முதல் நகர்விலும் ஒரே கட்டம் செல்லும் பழைய இந்திய ஆட்டமுறையில் பயின்ற கைக்கு இஃது இயல்பாயிற்று என்று கருதலாம்.

அவ்வாட்டத்தில் வென்றவர் காக்ரேனே. ஆயினும் பிழை தொடக்கத்தில் இல்லை; பதினேழாம் நகர்வில் எதிரியின் மந்திரியைக் கவர்ந்த அவசரத்தில் நேர்ந்தது.

அறுபத்தேழு ஆண்டுகள் கழிந்தபின், 1922-இல் வியன்னா நகரில் எர்ன்ஸ்ட் குருன்பெல்டு என்பவர் அதே தொடக்கத்தை ஆடி, 1927-இல் உலக வாகையராகவிருந்த அலெகைனை வென்றார். அதனால் அம்முறை குருன்பெல்டு தற்காப்பு எனப் பெயர் பெற்றது. எனினும் முதலிற் குதிரையை நகர்த்தும் இவ்வகைத் தொடக்கங்கள் இந்தியத் தற்காப்புகள் என்றே உலகெங்கும் வழங்குகின்றன.

மயிலாடுதுறையிற் பிறந்த விசுவநாதன் ஆனந்த், 2010-இல் சோபியா நகரில் நடந்த உலகப் போட்டியின் முதலாட்டத்தில் இந்நெறியையே கைக்கொண்டு தோற்றார். ஆயினும் போட்டியில் வென்று பட்டத்தைக் காத்தார்.

ஆதலின், ஓர் ஆட்டத்தின் முடிவைக் கொண்டு அதன் நெறியை இகழ்தல் அறிவுடைமையன்று. வென்றவர் பெயரை உலகம் தானே நினைக்கும். முன்னர் அவ்வழி நடந்து தோற்றவரை நினைத்தல் நம் கடன்.